நுண்ணுயிரிகள் தாதுவைத் தின்கின்றனவா?

கேள்வி: அமிலத்தில் வாழும் பாக்டீரியாக்களைக் கொண்டு தாதுவிலிருந்து செம்பையும் தங்கத்தையும் எடுக்கிறார்கள் என்று படித்தேன். அவை உலோகத்தைத் தின்று வெளியேற்றுகின்றனவா? உருக்காலை இல்லாமலே வேலை முடியும் என்றால், எல்லாச் சுரங்கங்களும் இம்முறைக்கு ஏன் மாறவில்லை?

பதில்: தின்பதில்லை. இவற்றுள் நன்கு அறியப்பட்ட அசிடிதயோபாசில்லஸ் ஃபெர்ரோஆக்ஸிடன்ஸ், 1947இல் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வடிந்த அமிலநீரில் கண்டறியப்பட்டது. அதற்குச் செம்பு தேவையே இல்லை. அது நாடுவது இரும்பையும் கந்தகத்தையும்தான். நீரில் கரைந்துள்ள ஃபெர்ரஸ் இரும்பைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனின் துணையோடு, ஒரு எலக்ட்ரான் குறைந்த வடிவமான ஃபெர்ரிக் இரும்பாக மாற்றி, அப்போது கிடைக்கும் சிறிதளவு ஆற்றலில் உயிர் வாழ்கிறது. அந்த ஃபெர்ரிக் இரும்பே சல்ஃபைடு தாதுவை (உலோகம் கந்தகத்தோடு சேர்ந்த தாது) அரித்துச் செம்பைக் கரைசலுக்குள் கொண்டுவருகிறது. அரிக்கும்போது தான் மீண்டும் ஃபெர்ரஸாகிவிடுவதால், நுண்ணுயிரிக்கு உணவு குறைவதில்லை. கடும் அமிலத்தில் ஃபெர்ரஸ் இரும்பு தானாக ஃபெர்ரிக்காக மாறுவது மிக மெதுவாகவே. நுண்ணுயிரிகள் அதன் வேகத்தைப் பத்து லட்சம் மடங்குவரை கூட்டக்கூடும் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. அமிலம் குறைந்தால் ஃபெர்ரிக் இரும்பு துருபோல வீழ்படிந்துவிடும். ஆகவே கரைசலின் பி.எச். அளவை (எண் குறையக் குறைய அமிலத்தன்மை மிகுதி) 2க்கு அருகில் வைத்திருக்கிறார்கள்.

தங்கத்தின் கதை வேறு. அதை இந்த நுண்ணுயிரிகள் கரைப்பதில்லை. தங்கத் துகள்களைப் பொதிந்துவைத்திருக்கும் பைரைட், ஆர்சனோபைரைட் ஆகிய இரும்புச் சல்ஃபைடு கனிமங்களையே சிதைக்கின்றன. அதன் பிறகு வழக்கம்போலச் சயனைடு கரைசலால் தங்கம் பிரிக்கப்படுகிறது. தென்னாப்பிரிக்காவின் ஃபேர்வியூ சுரங்கத்தில் 1986 முதல் இவ்வாறு நடக்கிறது.

மாறாததற்கு முதற்காரணம் காலம். உருக்காலை சில மணி நேரத்தில் முடிப்பதை, தாதுவைக் குவித்து அமிலக் கரைசலை அதனூடே வடியவிடும் இம்முறையில் முடிக்கப் பல மாதங்கள் ஆகும். மேலும், செம்புத் தாதுக்களில் மிகுதியாகக் கிடைக்கும் சால்கோபைரைட்டின் மேற்பரப்பில் ஒரு படலம் படிந்து அரிப்பை மந்தமாக்கிவிடுகிறது. 60 டிகிரி செல்சியஸுக்கு மேலான வெப்பத்தில் வாழும் ஆர்க்கியாக்கள் (பாக்டீரியாவிலிருந்து வேறுபட்ட ஒருவகை நுண்ணுயிரிகள்) அதை விரைவாகக் கரைக்கும் என்றாலும், திறந்தவெளிக் குவியல் முழுவதையும் அச்சூட்டிலேயே வைத்திருப்பது கடினம். எனவே, உருக்கினால் செலவுக்குக் கட்டுப்படியாகாத, செம்பு குறைந்த தாதுக்களுக்கே இம்முறை பெரிதும் பொருந்துகிறது.

கந்தக டைஆக்ஸைடு புகை எழாததால் இதைத் தூய்மையான முறை என்பார்கள். அதை நான் பாதியளவே ஏற்பேன். குவியலின் அடியில் நீர் கசியாத விரிப்பு இல்லையென்றால் அமிலமும் கரைந்த உலோகங்களும் நிலத்தடி நீரில் கலந்துவிடும்; சுரங்கத்தை மூடிய பின்னும், காற்றும் நீரும் சல்ஃபைடும் இருக்கும்வரை நுண்ணுயிரிகளின் வேலை நிற்காது. ஸ்பெயினின் ரியோ டின்டோ ஆறு, பி.எச். 2 அளவில் சிவந்து ஓடுவதும் இதே வினையால்தான்.