உயிரியல் தேர்வு: கேள்வி – பதில்

கேள்வி: பிளஸ் 2 படிக்கும் என் மகள் உயிரியல் பாடத்தை அடிக்கோடிட்டு நாலைந்து தடவை படிக்கிறாள். கேட்டால் "எல்லாம் தெரியும்மா" என்கிறாள். தேர்வில் பாதிதான் எழுத வருகிறது. எங்கே தவறு? (ஒரு தாய், கரூர்)

பதில்: திரும்பத் திரும்பப் படித்தால் வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். அந்தப் பழக்கத்தையே மனம் 'தெரியும்' என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் தேர்வில் புத்தகம் எதிரே இருக்காது. நினைவிலிருந்து எடுத்து எழுதும் அந்த வேலையை வீட்டில் அவள் செய்து பார்ப்பதே இல்லை. ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, பாராமல் எழுதிப் பார்த்தவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது.

இரண்டு மூன்று பக்கம் கவனமாகப் படித்ததும் புத்தகத்தை மூடச் சொல்லுங்கள். வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவுக்கு வருவதை எழுதட்டும். பிறகு புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பு மையில் சேர்க்கட்டும். மறுநாள் அந்தச் சிவப்பு வரிகளை மட்டும் பாராமல் எழுத வேண்டும். ஒரு வாரம் கழித்து முழுப் பகுதியையும். முதல் தடவை தாள் பாதி காலியாகத்தான் இருக்கும். அதைப் பார்த்துக் கடிந்துகொள்ளாதீர்கள், எதைப் படிக்க வேண்டும் என்று காட்டுவதே அந்தக் காலியிடம்தான்.

படங்களுக்கும் இதே வழி, கூடவே ஒரு காரணமும் வேண்டும். பூவின் சூலுக்குள் இருக்கும் கருப்பையில் (embryo sac) 7 செல்கள், 8 உட்கருக்கள். பெயர்களை மட்டும் உருப்போட்டால் மேலும் கீழும் இடம் மாறிவிடும். மகரந்தக் குழல் பெரும்பாலும் சூல்துளை வழியாக நுழைகிறது. அதனால் அண்டசெல்லும் அதன் துணைச் செல்களான இரண்டு சினர்ஜிட்களும் அந்தப் பக்கம் இருக்கின்றன. எதிர்முனையில் மூன்று எதிரடிச் செல்கள், நடுவே இரண்டு துருவ உட்கருக்களுடன் மையச் செல். காரணம் தெரிந்தவள் இடத்தை மாற்ற மாட்டாள்.

கேள்வி: பட்டாணியில் விதை வடிவம், நிறம் இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் இருபண்புக் கலப்பில் எனக்கு 9:3:3:1 விகிதம் வருவதே இல்லை. (மாணவர், தேனி)

பதில்: பிழை 16 கட்ட அட்டவணையில் இல்லை, அதற்கு முந்தைய படியில் இருக்கும். கேமீட் (இனச்செல்) எழுதும்போது ஒரே பண்பின் இரண்டு அல்லீல்களையும் (மரபணுவின் மாற்று வடிவங்களையும்) சேர்த்து எழுதிவிடுகிறீர்கள். ஒவ்வொரு கேமீட்டிலும் விதை வடிவத்துக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று என்று இரண்டே அல்லீல்கள்தான் வர வேண்டும். எனவே முதல் தலைமுறைச் செடி தரும் கேமீட்கள் நான்கு: உருண்டை–மஞ்சள், உருண்டை–பச்சை, சுருங்கிய–மஞ்சள், சுருங்கிய–பச்சை. இவை நான்கும் மேலும் பக்கவாட்டிலும் ஒரே வரிசையில் வரட்டும். 16 கட்டங்களை நிரப்பியதும், இரு பண்பிலும் ஒடுங்கிய விதை (சுருங்கிய–பச்சை) வலது கீழ்மூலையில் ஒன்றே ஒன்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கேமீட் வரிசைக்கே திரும்புங்கள்.

கேள்வி: கடைசி 5 மதிப்பெண் வினாவுக்கு நேரமே இருப்பதில்லை. (மாணவி, கடலூர்)

பதில்: தாவரவியல் 35, விலங்கியல் 35. மூன்று மணி நேரத்தில் தலா 80 நிமிடம் வைத்தால், சரிபார்க்க 20 நிமிடம் மிஞ்சும். நேரத்தை விழுங்குவது பெரும்பாலும் படத்துக்கு நிழல் தீட்டுவதுதான். தெளிவான கோட்டுப்படமும் ஒன்றையொன்று வெட்டாத குறியீட்டுக் கோடுகளும் போதும். வீட்டில் படம் வரையும்போதே கடிகாரம் வைத்துப் பழகுங்கள்.