மங்கலாகக் காட்டாதீர்கள்

அன்புள்ள ஐயா,

நான் பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஒன்பது கட்டத்தில் மூன்று குறிகளை ஒரே கோட்டில் வைத்தால் ஜெயிக்கும் டிக் டாக் டோவைக் கொஞ்சம் மாற்றிப் புதுசாக ஒரு கணினி விளையாட்டு எழுதியிருக்கிறேன். ஆளுக்கு மூன்று குறிகள்தான். நான்காவதை வைத்தால் நாம் முதலில் வைத்தது மறைந்துவிடும். அடுத்து மறையப்போவதை மட்டும் மங்கலாகக் காட்டுகிறேன். நாணயங்கள், பத்து வண்ணத் தீம்கள் எல்லாம் உண்டு. கணினியை யாராலும் ஜெயிக்க முடியாதபடி வைக்கலாமா, அவ்வப்போது தோற்கவிடலாமா?

– ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

விளையாடிப் பார்த்தேன். எழுத வேண்டிய கட்டுரை அப்படியே கிடக்கிறது, அந்தவகையில் உங்களுக்கு வெற்றிதான். இந்த விதி ஏற்கெனவே இணையத்தில் உலவுகிறது, அதனால் புதுசு என்று ரொம்பச் சொல்லிக்கொள்ள வேண்டாம். நாணயமும் தீமும் எப்படியோ போகட்டும். எனக்குக் கோபம் வந்தது அந்த மங்கலைப் பார்த்துத்தான்.

பழைய ஆட்டத்தில் விவரம் தெரிந்த இரண்டு பேர் உட்கார்ந்தால் ஒன்பது கட்டமும் நிரம்பி டிராதான் ஆகும், அதனால்தான் கொஞ்சம் வளர்ந்ததும் எல்லோரும் அதை விட்டுவிடுகிறோம். உங்கள் ஆட்டத்தில் பலகையில் அதிகபட்சம் ஆறு குறிகள், மூன்று கட்டம் எப்போதும் காலி, நிரம்பி முடிவதற்கு வழியே இல்லை. ஆனால் விதியின் அழகு அதில் இல்லை. நடு ஆட்டத்தில் உங்கள் பழைய குறி நடுக்கட்டத்தில் இருக்கிறது, அடுத்தது மேல் இடது மூலையில், கடைசியாக வைத்தது வலது ஓரத்தின் நடுவில் என்று வையுங்கள். கீழ் வலது மூலை காலி. பார்த்தால் மூலைவிட்டம் முடியப்போகிறது மாதிரி இருக்கும். முடியாது. அங்கே வைத்த கணமே நடுக்குறி போய்விடும். பொய் மிரட்டல்! வைத்த வரிசையை மறந்தவன் பதறிப்போய் அதைத் தடுத்துத் தன் முறையை வீணாக்குவான், நினைவு வைத்திருப்பவன் சிரித்துக்கொண்டே வேறெங்கோ வைப்பான். ஆட்டமே இதுதான் தம்பி. அதை மங்கலாக்கிக் காட்டிவிட்டால் என்ன மிச்சம்? விடையை அச்சடித்த வினாத்தாள்தான்.

எங்கள் பெரியப்பா முந்நூற்று நாலு என்ற சீட்டாட்டம் ஆடுவார். இறங்கிய சீட்டைக் கவிழ்த்து அடுக்கியாகிவிட்டால் அப்புறம் யாரும் அதைத் தொடக் கூடாது. துருப்பில் ஜாக்கி போய்விட்டதா என்று நான் மெல்ல ஒரு முனையைத் தூக்கப் போனால் புறங்கையில் சுளீர் என்று விழும். "கண்ணு எங்கடா போச்சு அப்ப?" என்பார். அவருக்கு அதிகம் படிப்பு கிடையாது, பேரன் பேத்திகளின் பெயரையே மாற்றி மாற்றித்தான் கூப்பிடுவார், ஆனால் யார் எப்போது எதை இறக்கினார்கள் என்பதை ஆட்டம் முடிந்து சாப்பிடும்போதும் ஒவ்வொன்றாகச் சொல்லிச் சண்டைபோடுவார். அந்தச் சண்டைக்காகவே நாங்கள் ஆடினோம் என்று இப்போது தோன்றுகிறது. உங்கள் தலைமுறைக்குப் போன் நம்பர், வழி, பிறந்தநாள் எல்லாவற்றையும் கருவி நினைவு வைத்துக்கொள்கிறது, சரி, விளையாட்டிலாவது விட்டுவையுங்களேன்.

என்னவோ கேட்டிருந்தீர்களே, கணினி தோற்கலாமா என்று. 1950இல் டொராண்டோவில் நடந்த கனடா தேசியக் கண்காட்சியில் ஜோசப் கேட்ஸ் என்ற பொறியாளர் 'பெர்ட்டி தி பிரெய்ன்' என்று நான்கு மீட்டர் உயரத்துக்கு ஓர் எந்திரத்தை நிறுத்தினார், உங்கள் அதே டிக் டாக் டோவுக்காக. அதிலேயே கடினத்தைக் கூட்டவும் குறைக்கவும் வழி இருந்தது. நடிகர் டேனி கே சில தடவை தோற்று அப்புறம் ஜெயித்தார், 'லைஃப்' பத்திரிகை அதைப் படம் எடுத்தது. தோற்கவே தெரியாத எந்திரத்தோடு யார் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள்?

ஆனால் தோற்கட்டும் என்று கணினியைக் கண்ட இடத்தில் குறி வைக்கச் சொல்லாதீர்கள், அது பிச்சை போடுவது, சின்னப் பிள்ளைக்கும் தெரிந்துவிடும். அதற்கும் மறதி வையுங்கள். எது பழைய குறி என்று சில சமயம் அது குழம்பட்டும், பொய் மிரட்டலுக்குப் பயந்து தடுக்கட்டும். எவ்வளவு மறக்க வேண்டும் என்பதை ஆடுபவரே கூட்டிக் குறைத்துக்கொள்ளட்டும். செய்துவிட்டு அனுப்புங்கள், பரீட்சை முடிந்த பிறகு.