‘ஃபார்மட் செய்யவா?’ என்று ஹார்ட் டிஸ்க் கேட்டால் என்ன செய்வது?

கேள்வி: கும்பகோணம் பக்கத்தில் ஜெராக்ஸ், டைப்பிங், பத்திரிகை டிசைன் கடை வைத்திருக்கிறேன் சார். கம்ப்யூட்டரில் இடம் போதவில்லை என்று 1 டிபி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, பழைய கல்யாணப் பத்திரிகை டிசைன்கள், 2016 மகாமகத்தில் எடுத்த போட்டோக்கள், அப்பாவின் நிலப் பத்திர ஸ்கேன் எல்லாவற்றையும் பேக்கப்பாக அதில் கட்-பேஸ்ட் செய்து வைத்தேன். இப்போது சொருகினால் சில நேரம் ‘டிஸ்க்கை ஃபார்மட் செய்ய வேண்டும்’ என்று கேட்கிறது, சில நேரம் ஒழுங்காகத் திறக்கிறது. ஃபார்மட் செய்துவிடலாமா? இனிமேல் பேக்கப் எப்படி எடுப்பது? 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபிதான் காட்டுகிறது, கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பதில்: செய்யாதீர்கள். அந்தப் பெட்டி எத்தனை முறை வந்தாலும் கேன்சல்தான். டிஸ்க்கில் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்று குறித்துவைத்திருக்கும் பகுதியை விண்டோஸால் படிக்க முடியாதபோது, அதற்குத் தெரிந்த ஒரே வழியாக, டிஸ்க்கைத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் ஃபார்மட்டைக் கேட்கிறது, அவ்வளவுதான். ஃபைல்கள் பெரும்பாலும் உள்ளே அப்படியே இருக்கும். ஓகே அழுத்தினால்தான் பிரச்சினை பெரிதாகும்.

சில நேரம் திறக்கிறது என்கிறீர்களே, அது நல்ல செய்தி. முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். இந்தச் சின்ன டிஸ்க்குகளுக்குத் தனி அடாப்டர் கிடையாது, யூஎஸ்பி போர்ட்டிலிருந்து வரும் கரண்டில்தான் உள்ளே தட்டு சுற்ற வேண்டும். பழைய யூஎஸ்பி 2 போர்ட் கொடுப்பது 500 மில்லிஆம்பியர், உள்ளே நீலமாக இருக்கும் யூஎஸ்பி 3 போர்ட் கொடுப்பது 900. டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட் உள்ளே ஒரு மெல்லிய ஒயர் வழியாகத்தான் மதர்போர்டுக்குப் போகிறது, அங்கேயே கொஞ்சம் வோல்டேஜ் குறையும். அதனால் சிபியுவின் பின்பக்கத்தில், மதர்போர்டிலேயே இருக்கும் போர்ட்டில், ஹப் எதுவும் இல்லாமல் நேராகச் சொருகுங்கள். பாதிக் கேஸ்கள் இதிலேயே சரியாகிவிடும்.

திறந்த உடனே காப்பியை ஆரம்பியுங்கள். ஒழுங்குபடுத்துவது, பெயர் மாற்றுவது, வைரஸ் ஸ்கேன் போடுவது எல்லாம் அப்புறம். ‘ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்’ என்று விண்டோஸ் கேட்டாலும் இப்போதைக்கு வேண்டாம், அது ரிப்பேர் என்ற பெயரில் டிஸ்க்கில் எழுதும், சாகக் கிடக்கும் டிஸ்க்கில் எழுதவே கூடாது. மறுபடி கிடைக்காதது எதுவோ அதை முதலில் எடுங்கள்: பத்திர ஸ்கேன், அடுத்து மகாமகப் போட்டோக்கள் (அடுத்த மகாமகம் 2028-ல்தான், அதுவும் இது ஆகாது), அதற்குப் பிறகு டிசைன்கள். டவுன்லோடு செய்த சினிமா இருந்தால் கடைசியில். டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று ஒரே சீராகச் சத்தம் வந்தால் உடனே கழற்றிவிட்டு டேட்டா ரெக்கவரி செய்பவரிடம் கொடுங்கள், செலவாகும், வேறு வழி இல்லை. ஃப்ரீசரில் வைப்பது, லேசாகத் தட்டுவது போன்ற வைத்தியங்களை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். சத்தம் எதுவும் இல்லை, ஆனால் திறக்கவே மாட்டேன் என்கிறது என்றால் ஃபோட்டோரெக் என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. மீட்கும் ஃபைல்களை வேறு டிஸ்க்கில் இறக்கச் சொல்ல வேண்டும், அதே டிஸ்க்கில் அல்ல. பழைய ஃபைல் பெயர்கள் பெரும்பாலும் திரும்பி வராது, அதற்குத் தயாராக இருங்கள்.

இப்போது உங்கள் பேக்கப்புக்கு வருவோம். நீங்கள் செய்தது இடமாற்றம். வாடிக்கையாளர் ஒருவர் பத்திரத்தின் ஒரிஜினலை இந்தப் பீரோவிலிருந்து எடுத்து அந்தப் பீரோவில் வைத்துவிட்டு ‘ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன்’ என்று சொன்னால் சிரிப்பீர்கள் இல்லையா, கட்-பேஸ்ட் அதேதான். கம்ப்யூட்டரிலும் இருக்க வேண்டும், வெளியிலும் இருக்க வேண்டும், அப்போதுதான் வெளியில் இருப்பதற்குப் பேக்கப் என்று பெயர். கம்ப்யூட்டரில் இடம் இல்லையென்றால் முதல் செலவு உள்ளே பெரிய டிஸ்க் போடுவதுதான். அதைத் தள்ளிப்போட்டால், வெளியில் வைப்பதை இரண்டு டிஸ்க்கில் வையுங்கள்.

பீட்டர் க்ரோ என்ற அமெரிக்கப் புகைப்படக்காரர் பரப்பிய 3-2-1 கணக்கு ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அதில் ஒன்று வேறு இடத்தில். டெல்டாக்காரர்களுக்கு இதில் கடைசி எண்தான் முக்கியம் என்பேன். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியபோது ஓட்டு வீடு, கடைக் கூரை எதையும் விடவில்லை, பல கிராமங்களில் கரண்ட் வரவே வாரக்கணக்கில் ஆனது. கம்ப்யூட்டரும் பேக்கப் டிஸ்க்கும் ஒரே மேசையில் இருந்தால் கூரை போகும்போது இரண்டும் சேர்ந்தே நனையும். தஞ்சாவூரிலோ திருச்சியிலோ அக்கா வீடு, சித்தப்பா வீடு ஏதாவது இருக்கும், இரண்டாவது டிஸ்க் அங்கே இருக்கட்டும், பொங்கலுக்கோ விசேஷத்துக்கோ போகும்போது மாற்றிக்கொள்ளுங்கள். கடையில் இருப்பதைத் தரையில் வைக்காமல் பீரோவின் மேல்தட்டில், மூடி இறுக்கமான டப்பாவில், ஷூ பெட்டியில் வருமே அந்தச் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் போட்டு வையுங்கள். ஐப்பசி கார்த்திகை ஈரத்துக்கு அது உதவும்.

என்ன வாங்கலாம்? பேக்கப்புக்குச் சாதாரண ஹார்ட் டிஸ்க் போதும், ஜிபிக்குக் கணக்குப் பார்த்தால் அதுதான் மலிவு. ஓடும்போது கீழே விழுந்தால் மட்டும் போச்சு. சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டி விழுந்தாலும் தாங்கும், வேகமும் அதிகம், ஆனால் கரண்டே கொடுக்காமல் வருடக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்க அது ஏற்றதல்ல. பென்டிரைவை பேக்கப் என்று நினைக்கவே வேண்டாம். கடையில் விண்டோஸ் மட்டும்தான் என்றால் புது டிஸ்க்கை என்டிஎஃப்எஸ் முறையில் ஃபார்மட் செய்யுங்கள் (புது டிஸ்க்கை, தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்). எக்ஸ்ஃபேட் என்ற இன்னொரு முறையில் காப்பி ஓடும்போது கரண்ட் போனால் டிஸ்க் குழம்பும் வாய்ப்பு கூடுதல். உங்கள் பழைய டிஸ்க் எந்த முறை என்று பார்த்தீர்களா? எக்ஸ்ஃபேட்டாக இருக்குமோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

931 ஜிபி விஷயத்தில் கடைக்காரர் மேல் தப்பில்லை. கம்பெனி 1 டிபியை ஒரு லட்சம் கோடி பைட் என்று எண்ணுகிறது, விண்டோஸ் அதையே 1024-ஆல் மூன்று முறை வகுத்துக் காட்டுகிறது. வகுத்துப் பாருங்கள், 931 வரும்.

எதையெல்லாம் காப்பி எடுப்பது என்பதில்தான் கடைக்காரர்கள் அதிகம் கோட்டை விடுகிறார்கள். டி டிரைவை மட்டும் எடுத்தால் போதும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். வாட்ஸ்அப்பிலிருந்து இறக்கியது டவுன்லோட்ஸில் கிடக்கும், அவசரத்துக்குச் செய்த வேலை டெஸ்க்டாப்பில் கிடக்கும், இரண்டும் சி டிரைவில் இருக்கின்றன. சர்வீஸ் பையன் வந்து சி-யை ஃபார்மட் போட்டு விண்டோஸ் ஏற்றிவிட்டுப் போன பிறகுதான் அது தெரியவரும். பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் வேலை செய்தால் அந்த ஒரு ஃபைலை மட்டும் காப்பி செய்யாதீர்கள், பெரிய படங்களை அது உள்ளே வைத்துக்கொள்வதில்லை, இன்ன ஃபோல்டரில் இருக்கிறது என்று முகவரியை மட்டும் வைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர், படம், எழுத்து, பிடிஎஃப் எல்லாம் அதற்குள்ளே என்று பழகிக்கொள்ளுங்கள்.

அப்புறம் எழுத்துரு. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழாகவே தெரியும் யூனிகோட் முறையை 2010-லேயே தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது என்றாலும், பத்திரிகை டிசைன் உலகம் இன்னும் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில்தான் ஓடுகிறது, ஏனென்றால் பேஜ்மேக்கருக்கு யூனிகோட் தமிழ் தெரியாது. பாமினியில் அடித்த ஃபைல், கம்ப்யூட்டரின் கணக்கில் வெறும் ஆங்கில எழுத்துதான். எழுத்துரு இல்லாத வேறு கம்ப்யூட்டரில் திறந்தால் ‘நிகழும் மங்களகரமான’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கமாவுமாக நிற்கும். ஃபைல் பத்திரமாக இருந்தும் பயன் இல்லை. ஆகவே எழுத்துருக்களையும் ஒரு ஃபோல்டராக பேக்கப்பில் சேருங்கள். இதில் ஒரு சிக்கல் உண்டு: முன்பெல்லாம் எழுத்துருக்கள் எல்லாம் விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஃபான்ட்ஸ் என்ற ஒரே இடத்தில் இருந்தன, விண்டோஸ் 10-ன் 2018 இறுதிப் பதிப்பிலிருந்து நீங்கள் சாதாரணமாக இன்ஸ்டால் கொடுக்கும் எழுத்துரு உங்கள் யூசர் ஃபோல்டருக்குள், ஆப்டேட்டா என்ற மறைந்திருக்கும் ஃபோல்டரில் போய் உட்காருகிறது. இரண்டு இடத்திலும் தேடி எடுங்கள். முடிந்த வேலை ஒவ்வொன்றுக்கும் ஒரு பிடிஎஃப் போட்டுவையுங்கள், எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், பத்து வருடம் கழித்துக் கேட்டு வந்தாலும் பிரிண்ட் எடுத்துக் கொடுக்கலாம்.

எடுக்கும் முறை. விண்டோஸிலேயே ஃபைல் ஹிஸ்டரி இருக்கிறது, டிஸ்க் சொருகியிருந்தால் மணிக்கு ஒருமுறை மாறிய ஃபைல்களின் பழைய பதிப்பையும் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆனால் டாக்குமென்ட்ஸ், பிக்சர்ஸ், டெஸ்க்டாப் மாதிரி இடங்களைத்தான் தானாகப் பார்க்கும், டி டிரைவை நீங்களே சேர்க்காவிட்டால் கண்டுகொள்ளாது. உங்களுக்கு நான் சொல்வது ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள். இடப்பக்கம் கடை ஃபோல்டர், வலப்பக்கம் டிஸ்க். கம்பேர் அழுத்தினால் எது புதிது, எது மாறியது என்று வரிசையாகக் காட்டும், பார்த்துவிட்டு சிங்க்ரனைஸ். முறை கேட்கும்போது ‘அப்டேட்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பக்கத்தில் ‘மிரர்’ என்று ஒன்று இருக்கும், அது இடப்பக்கத்தில் இல்லாததை வலப்பக்கத்திலும் அழித்துவிடும். கடைப் பையன் தெரியாமல் அழித்த ஃபோல்டரை அதுவும் சேர்ந்து அழிக்கும், உங்களுக்கு அது வேண்டாம். முதல் முறை 400 ஜிபி என்றால் யூஎஸ்பி 3-ல் ஒன்றேகால் மணி நேரம், யூஎஸ்பி 2-ல் மூன்றரை மணி நேரம் என்று வையுங்கள், சின்னச் சின்ன ஃபைல்கள் நிறைய இருந்தால் இன்னும் இழுக்கும். யூபிஎஸ் இல்லாமல் அதை ஆரம்பிக்காதீர்கள். அடுத்தடுத்த வாரங்களில் டீ குடித்து வருவதற்குள் முடிந்துவிடும்.

முடிந்ததும் டிஸ்க்கைக் கழற்றி வையுங்கள், முறையாக இஜெக்ட் கொடுத்து. சொருகியபடியே விட்டுவிடுவது சௌகரியம்தான், ஆனால் 2017 மே மாதம் வான்னாக்ரை உலகம் முழுக்கச் செய்தது போல, பணம் கேட்டு ஃபைலைப் பூட்டும் வைரஸ் வந்தால் சொருகியிருக்கும் டிஸ்க்கையும் சேர்த்துப் பூட்டும். ஊரில் இருப்பவர் எல்லாம் பென்டிரைவ் கொண்டுவந்து சொருகும் கடை உங்களுடையது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்டின் வழக்கமான ஆதரவும் முடிந்துவிட்டது, கடையில் இன்னும் அதுதான் ஓடுகிறது என்றால் இன்னும் ஜாக்கிரதை.

கூகுள் டிரைவில் போட்டால் போதாதா என்று அடுத்து கேட்பீர்கள். இலவசமாகக் கிடைப்பது 15 ஜிபி, அதில் ஜிமெயிலும் போட்டோவும் பங்கு. பத்திர ஸ்கேன், எழுத்துரு ஃபோல்டர் இரண்டுக்கும் தாராளமாகப் போதும், வையுங்கள். போட்டோ குவியலுக்கு ஆகாது. இன்னொன்று, கம்ப்யூட்டரோடு சிங்க் ஆகும் ஃபோல்டரில் அழித்தால் அங்கேயும் அழியும், குப்பைத்தொட்டியில் 30 நாள் இருக்கும், அதற்குள் கவனித்தால் உண்டு.

வாடிக்கையாளர்களின் ஆதார், பட்டா ஸ்கேன்களை பேக்கப்பில் சேர்க்காதீர்கள். வேலை முடிந்ததும் அழித்துவிடுங்கள், டிஸ்க் தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியது நீங்கள்.

முகூர்த்தம் இல்லாத ஆடியிலும் மார்கழியிலும் கடை காற்று வாங்கும் இல்லையா, அப்போது பேக்கப் டிஸ்க்கை எடுத்துப்போய் வேறு ஒருவரின் கம்ப்யூட்டரில் சொருகி, பழைய பத்திரிகை ஒன்று, போட்டோ சில என்று திறந்து பாருங்கள். எழுத்து சரியாக வருகிறதா, படம் பாதியில் சாம்பல் கட்டமாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். ஃபைல் பட்டியலில் பெயர் தெரிவதை வைத்து எதையும் நம்ப முடியாது.

கடைசியாக, ஃபைல்களை எல்லாம் எடுத்த பிறகு அந்தப் பழைய டிஸ்க்கை என்ன செய்வது? கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பாருங்கள். நீலத்தில் ‘குட்’ என்று காட்டினால் கேபிளோ போர்ட்டோதான் குற்றவாளியாக இருந்திருக்கும், குயிக் என்ற டிக்கை எடுத்துவிட்டு முழு ஃபார்மட் ஒன்று போட்டு இரண்டாவது பிரதிக்கு வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் ‘காஷன்’ என்று காட்டினால் அதில் டிவியில் பார்க்கச் சினிமா மட்டும் ஏற்றுங்கள், போனாலும் கவலை இல்லை.