கேள்வி பதில்: பிரெஞ்சு நிறங்களும் ஒரு 'எஸ்'ஸும்

கேள்வி: நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் படகு விடுகிறோம். பிரெஞ்சு அறிவித்தலில் செம்மஞ்சள் உயிர்காப்பு அங்கிகளை 'ஜிலே ஓரான்ஜ்' என்று எழுதி, பன்மை என்பதால் இரு சொல்லுக்கும் கடைசியில் 'எஸ்' போட்டோம். வந்த பயணி ஒருவர் ஓரான்ஜில் இருந்த எஸ்ஸை வெட்டினார். 'பால்ம் ப்ளோ' (நீலக் கால்துடுப்புகள்) என்பதில் எஸ்ஸை வெட்டாமல் அதற்கு முன் ஒரு 'ஈ' சேர்த்தார். ஏன்?
– வாசகர், திருகோணமலை

பதில்: இரண்டு திருத்தமும் சரி. தமிழில் 'நீல' என்பது எதற்கு முன் வந்தாலும் மாறாது. பிரெஞ்சில் நிறம் பெயருக்குப் பின்னால் வரும். பெயரின் பாலையும் எண்ணையும் பின்பற்றும். பால்ம் பெண்பால், அதனால்தான் ஈ. பன்மை, அதனால் எஸ். (ப்ளோவுக்குப் பன்மையில் எக்ஸ் போடுவோரும் உண்டு, அது பிழை.)

ஓரான்ஜ் முதலில் தோடம்பழத்தின் பெயர். 'தோடம்பழ நிற அங்கிகள்' என்கிறோம், 'தோடம்பழங்கள் நிற' என்பதில்லை அல்லவா? அதே கணக்குத்தான். கொட்டையின் பெயரான மரோனும் (கபிலம்) இப்படி மாறாமல் நிற்கும். ஆனால் பூவின் பெயரான ரோஸும் (இளஞ்சிவப்பு), மோவும் (இளம் ஊதா) முழு நிறச்சொற்களாகிவிட்டன, எஸ் ஏற்கும். இவற்றை மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை.

அடுத்த அறிவித்தலில் அநேகமாக வரப்போகும் பிழை இது: கால்துடுப்புகள் இளநீலமானால் 'பால்ம் ப்ளோ க்ளேர்'. நிறத்தோடு க்ளேர் (இள), ஃபோன்ஸே (கடும்) என்று இன்னொரு சொல் சேர்ந்ததும் ஈயும் போய்விடும், எஸ்ஸும் போய்விடும். பால்மில் மட்டும் எஸ் இருக்கும்.

பேச்சில் ப்ளோ, நுவார் (கறுப்பு) இரண்டும் ஆண்பாலிலும் பெண்பாலிலும் ஒரே ஒலிதான். பிழைவிட்டாலும் காதுக்குத் தெரியாது. பச்சையும் வெள்ளையும் சாம்பலும் உடனே காட்டிக்கொடுக்கும்: வெர் – வெர்த், ப்ளான் – ப்ளான்ஷ், க்ரி – க்ரீஸ். துவாய் (ஸெர்வியெத்) பெண்பால் என்பதால் வெள்ளைத் துவாய் 'ஸெர்வியெத் ப்ளான்ஷ்'.

கேள்வி: கபில நிறத் தலைமுடிக்கு 'மரோன்' சொல்லலாமா?
– வாசகி, மூதூர்

பதில்: கண்ணுக்குச் சொல்லுங்கள், எஸ் இல்லாமல். முடிக்கு 'ப்ரன்', அதைவிட வெளிறியிருந்தால் 'ஷாதேன்'. முடி என்ற சொல் (ஷெவூ) ஆண்பால் பன்மையாகவே வருவதால் இரண்டுக்கும் எஸ் உண்டு. நம்மவர் முடிக்குப் பெரும்பாலும் நுவாரே போதும், அதற்கும் எஸ் வேண்டும்.