காற்று ஏறியதும் முன்பாய் சுருள மறுக்கிறது. பாயைச் சுருட்டும் ஃபர்லிங் கயிற்றை வின்ச்சில் (கைப்பிடியால் சுழற்றிக் கயிற்றை இழுக்கும் உருளை) போட்டு இழுக்கலாமா?

வேண்டாம். கையால் இழுத்து வராத கயிறு வின்ச்சில் போட்டால் வரத்தான் செய்யும். ஆனால் எது தடுக்கிறது என்று தெரியாமலே வரவழைத்துவிடுவோம். ஆபத்து அங்கேதான்.

சான் பிரான்சிஸ்கோ வளைகுடாவில் 30 அடிப் படகு, காலையில் இதமான காற்று, பிற்பகலில் ஏறிவிட்டது, இரண்டு பேர் சேர்ந்து இழுத்தும் முன்பாயான ஜிப் பாதியில் நின்றுவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். நானும் அதே நீரில்தான் பாய் விரிக்கிறேன். கோடையில் அங்கே இது புதிதே இல்லை. கலிபோர்னியாவின் உள்நாட்டுப் பள்ளத்தாக்கு வெயிலில் கொதித்துக் காற்று மேலே எழும்ப, கடலின் குளிர்ந்த காற்று அந்த இடத்தை நிரப்பக் கோல்டன் கேட் இடுக்கு வழியாக உள்ளே பாய்கிறது. முற்பகலில் 8 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) இருந்த இடத்தில் மூன்று மணிக்கு 20, 25 நாட் வீசுவது சாதாரணம். வற்றத்தின் நீரோட்டம் அதே நேரத்தில் காற்றை எதிர்த்து வெளியே ஓடினால் அலையும் குத்துக் குத்தாக எழும்.

பாய் ஏன் சுருளவில்லை என்பதைப் பார்ப்போம். மாஸ்ட் என்ற பாய்மரத்தின் மேலிருந்து படகின் முன்முனைக்கு இறங்கும் முன்கம்பியின் மேல் ஓர் அலுமினியக் குழல் இருக்கிறது; ஜிப்பின் முன்விளிம்பு அதன் காடியில் செருகியிருக்கிறது. கீழே ஃபர்லிங் கயிறு சுற்றும் டிரம், மேலே பாயின் மேல்முனையைச் சுழலவிடும் ஸ்விவெல். கயிற்றை இழுத்தால் டிரம்மும் குழலும் சேர்ந்து சுழன்று பாயைச் சுருட்டிக்கொள்ளும். துறையில் காற்றில்லாத காலையில் டிரம்மைக் கையால் திருப்பிப் பாருங்கள், சிரமமே இருக்காது. அப்படியென்றால் கடலில் உங்கள் கை உணர்ந்த கனம் பெரும்பாலும் காற்றின் கனம். அதைக் குறைக்க வழி உங்கள் சுக்கானில் இருக்கிறது.

ஒரு சின்னக் கணக்கு. உண்மையான காற்று 18 நாட், படகின் வேகம் 6 நாட் என்று வைத்துக்கொள்ளுங்கள். காற்றை எதிர்த்துச் சாய்ந்து ஏறும்போது பாய் உணரும் காற்று 22, 23 நாட் ஆகிவிடும். அதே படகு காற்று முதுகில் படும்படி திரும்பி ஓடினால் பாய் உணர்வது 12 நாட்தான். காற்றின் அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். ஆக, திசையை மாற்றிய ஒரே செயலால் பாயின் மேல் விழும் பாரம் நாலில் ஒரு பங்குக்குப் பக்கமாக இறங்கிவிடுகிறது. அதோடு மாஸ்ட்டுக்குப் பின்னே நிற்கும் பெரும்பாயின் நிழலில் ஜிப் ஒதுங்கிக்கொள்ளும். அந்த நிலையில் ஒரு கையால் இழுத்தாலே சுருளும்.

அதனால் முதல் வேலை படகைத் திருப்புவது. காற்று பின்பக்க மூலையிலிருந்து வரும்படி ஓட்டுங்கள். நேர் பின்னாலிருந்து வரவிட வேண்டாம். சற்றுத் தடுமாறினால் பெரும்பாயின் அடிக்கட்டையான பூம் மறுபக்கம் வீசி யாருடைய தலையையாவது பதம் பார்த்துவிடும். இப்படித் திரும்பி ஓடக் காற்று போகும் திசையில் இடமும் வேண்டும். பெர்க்லி பக்கம் திரும்புவதாக இருந்தால் பழைய மரப்பாலத்தின் இடிபாடுகள் கடலுக்குள் வெகுதூரம் நீண்டு கிடப்பதை வரைபடத்தில் பார்த்துவிட்டு, அதற்கு வெகு முன்பே சுருட்டி முடித்துவிடுங்கள். ஏஞ்சல் தீவின் மறைவு அருகில் இருந்தால் அங்கே ஒதுங்கிச் சுருட்டுவது இன்னும் நிம்மதி.

திரும்பியதும் ஷீட்டை (ஜிப்பின் பின்மூலையைப் பிடித்து இழுக்கும் கயிறு) தளர்த்துங்கள், ஆனால் முழுக்க விட்டுவிடாதீர்கள். எல்லாரும் அவசரப்படும் இடம் இதுதான். ஷீட்டை விட்டால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், இரண்டு ஷீட்டுகளும் ஒன்றோடொன்று முறுக்கிக்கொள்ளும், சுருளும் ஒரு பக்கம் தளர்வாக ஒரு பக்கம் இறுக்கமாக விழும். ஒரு கை ஃபர்லிங் கயிற்றை இழுக்க, ஷீட் வின்ச்சில் ஒரு சுற்றோடு லேசான பிடியில் இளகிக்கொண்டே வர வேண்டும். முழுக்கச் சுருண்டபின் இன்னும் இழுத்து, ஷீட்டுகள் பாயைச் சுற்றி இரண்டு மூன்று சுற்று விழும்வரை போங்கள். துறையில் கட்டிக் கிடக்கும்போது சூறைக்காற்று பாயின் ஓரத்தைப் பிரித்து உள்ளே நுழையாமல் காப்பது அந்தச் சுற்றுகள்தான்.

பலத்த காற்றில் பாய் இறுக்கமாகச் சுருளும்; அதனால் வழக்கத்தைவிட அதிகச் சுற்று தேவைப்படும். டிரம்மில் அதற்கான கயிறு இல்லையென்றால், கடைசியில் ஒரு முக்கோணத் துண்டு வெளியே நிற்கக் கயிறு தீர்ந்துபோகும். படகை எடுக்கும் முன்பே, பாய் முழுக்கச் சுருண்டிருக்கும் நிலையில் டிரம்மில் சில சுற்றாவது மிச்சம் இருக்கிறதா என்று பாருங்கள். வாடகைப் படகுகளில் இதை நான் கட்டாயம் பார்ப்பேன்.

திரும்பி ஓடியும் கயிறு அசையவில்லையா? அப்போது நிறுத்திவிட்டு மேலும் கீழும் பார்க்க வேண்டும். கீழே என்றால், டிரம்மில் கயிறு ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கியிருக்கும். சிக்கிய நூற்கண்டு போலத்தான், இழுக்க இழுக்க இறுகும். கொஞ்சம் பாயை விரித்துவிட்டுத்தான் பிரிக்க முடியும். இந்தச் சிக்கல் பெரும்பாலும் காலையில் பாயை விரித்த நேரத்திலேயே விழுந்திருக்கும். விரிக்கும்போது ஃபர்லிங் கயிற்றைக் கையிலிருந்து விட்டுவிட்டால் டிரம் தறிகெட்டுச் சுழன்று கயிற்றைத் தளர்வாக வாரிக்கொள்ளும். விரிக்கும்போதும் அந்தக் கயிற்றை ஒரு சுற்றுப் போட்டு இழுவிசையோடுதான் விட வேண்டும்.

மேலே என்றால் விஷயம் தீவிரம். பாயைத் தூக்கி நிறுத்தும் ஹேலியார்ட் கயிறு, குழலோடு சேர்ந்து தானும் முன்கம்பியைச் சுற்றிக்கொண்டிருக்கலாம். ஹேலியார்ட் முன்கம்பிக்கு இணையாக, மிக ஒட்டியபடி ஓடும் படகுகளில் இது நடக்கும். மேல் ஸ்விவெல்லிலிருந்து அது சற்றே விலகிப் பின்னோக்கிப் போக வேண்டும். இந்த நிலையில் வின்ச்சைச் சுழற்றினால் அதன் முழு வலுவும் முன்கம்பியை முறுக்கும். எங்கள் துறையில் ஒரு படகின் மாஸ்ட்டை இறக்கியபோது மேலே கம்பியின் இழைகள் பிரிந்து நின்றதைப் பார்த்தேன். இன்னும் சில பலத்த வீச்சு வந்திருந்தால் மாஸ்ட்டே போயிருக்கும். நான் வின்ச் விஷயத்தில் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான். காற்றோடு ஓடும்போது விரிக்கும் பெரிய பாயான ஸ்பின்னேக்கரின் ஹேலியார்ட், வேலையில்லாதபோது முன்கம்பியருகே தொங்கி சுருளுக்குள் மாட்டிக்கொள்வதும் உண்டு; அதை மாஸ்ட்டின் அடியிலோ பக்கவாட்டிலோ இழுத்துக் கட்டிவைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

சிக்கலும் தீராமல் காற்றும் விடாமல் இருந்தால், எஞ்சினைப் போட்டு, ஷீட்டைப் பிடித்தபடி படகையே வட்டமாகச் சுற்றி, பாயைக் கம்பியின் மேல் சுற்றவைக்கும் பழைய உத்தி ஒன்று உண்டு. அழகாக இருக்காது, ஆனால் துறைவரை கொண்டுபோய்ச் சேர்க்கும். ஹேலியார்டை அவிழ்த்துப் பாயை இறக்குவது கடைசி வழி. காடியிலிருந்து கழன்ற பாயை முன்பக்கத்தில் பிடித்துவைக்க எதுவும் இருக்காது, 25 நாட்டில் அது ஆளையே இழுத்துக்கொண்டு போகும்.

பாதி மட்டும் சுருட்டி ஓட்டலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். ஓரளவுக்கு. பரப்பில் மூன்றில் ஒரு பங்கு குறைவதற்குள் பாயின் வயிறு உப்பி வடிவம் கெட்டுவிடும். முன்விளிம்பில் நுரைப்பட்டை தைத்த பாய் கொஞ்சம் தாங்கும். சுருட்டும் அளவுக்கு ஏற்ப ஷீட் போகும் காரை (தண்டவாளத்தில் நகரும் கப்பி) முன்னே நகர்த்துங்கள், இல்லையென்றால் பாயின் மேற்பகுதி திறந்துகொண்டு படபடக்கும். அந்த நேரத்தில் முழுப் பாரத்தையும் தாங்குவது ஒல்லியான ஃபர்லிங் கயிறு ஒன்றுதான். அது அறுந்தால் மோசமான காற்றில் முழுப் பாயும் ஒரே நொடியில் விரியும். கயிற்றைப் பூட்டும் கிளீட்டை மட்டும் நம்பாமல் இன்னொரு இடத்திலும் கட்டுங்கள், டிரம்மின் வாயில் கயிறு தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி தடவிப் பாருங்கள். கோடைக்கு என் யோசனை, 135 சதவீத ஜெனோவாவை (மாஸ்ட்டைத் தாண்டிப் பின்னே நீளும் பெரிய முன்பாய்; சதவீதம் என்பது முன்கம்பிக்கும் மாஸ்ட்டுக்கும் உள்ள தூரத்தோடு ஒப்பிட்ட அளவு) சுருட்டிச் சமாளிப்பதைவிட 100, 110 சதவீத ஜிப்பை முதலிலேயே மாட்டிவிடுவது.

நீங்கள் இரண்டு பேர் என்பதால் வேலையை இப்படிப் பிரித்துக்கொள்ளுங்கள்: ஒருவர் சுக்கானை மட்டும் பார்க்கட்டும், மற்றவர் ஷீட்டையும் ஃபர்லிங் கயிற்றையும் சேர்த்தே பிடிக்கட்டும். “நிறுத்து” என்று கயிறு பிடித்தவர் சொன்னால் சுக்கானில் இருப்பவர் காரணம் கேட்காமல் படகை அதே திசையில் வைத்திருக்க வேண்டும். மேலே அண்ணாந்து பார்க்கும் நேரம் அவருக்கு அப்போதுதான் கிடைக்கும்.