தாத்தாவின் கூலிக் கணக்கு

அன்புள்ள ஐயா,

எங்கள் ஊர் கீவளூர் பக்கம். பழைய வீட்டை இடித்தபோது பரணில் தாத்தாவின் டயரிகள் கிடைத்தன, 1951 முதல் 1973 வரை. நடுவில் இரண்டு வருடம் இல்லை. முக்கால்வாசி வாய்க்கால் முறை, நெல் விலை, ஆள் கூலி, கொஞ்சம் பங்காளிச் சண்டை. இதையெல்லாம் எடுத்துவிட்டு நல்ல பகுதிகளை மட்டும் சின்னப் புத்தகமாகப் போடலாம் என்கிறார் என் கணவர். மூலத்தை எந்த நூலகம் வாங்கிக்கொள்ளும்? செல்லரிக்கத் தொடங்கிவிட்டது.

எம்.

அன்புள்ள எம்,

அரித்ததைத் தனியாகப் பிரித்து வையுங்கள். வெயிலில் போடாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள், லேமினேஷன் பக்கமே போகாதீர்கள். சென்னை ரோஜா முத்தையா நூலகத்துக்கு எழுதிக் கேளுங்கள். சரி, இப்போது உங்கள் கணவர் விஷயம்.

நல்ல பகுதி என்றால் எது? பேத்தி பிறந்த அன்று எழுதியதா, திருப்பதி போய் வந்ததா? அதை எல்லார் தாத்தாவும்தான் எழுதியிருப்பார். புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்குத் துபாஷியாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-இல் ஆரம்பித்து 1761 ஜனவரியில் கண்மூடும்வரை டயரி எழுதினார். வியாபாரக் கணக்கு, சோசியர் வாக்கு, தன்னைத்தானே மெச்சிக்கொண்டது, 1748-இல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்தபோது கையைப் பிசைந்துகொண்டு நின்றது, எல்லாமே அதில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 12 தொகுதி. இடையில் குடும்பத்தில் படித்தவர் யாராவது புகுந்து நல்ல பகுதி பொறுக்கியிருந்தால் துய்ப்ளே புகழ் நாலு பக்கம்தான் மிஞ்சியிருக்கும்.

கோபமாக எழுதுகிறேன் என்று நினைக்காதீர்கள். கோபம் என் மேல்தான். என் தாத்தாவும் டயரி எழுதியவர், உரக்கடையில் இனாமாகக் கொடுக்கும் டயரியில், பச்சை மசியில். முப்பது வருடம் முன்பு அவரைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினேன். ஆற்றில் புதுத்தண்ணீர் வந்த தேதிகள், 1952 புயலில் தென்னை சாய்ந்த கணக்கு, அதையெல்லாம் அழகாக எடுத்துப் போட்டேன். படித்தவர்கள் கண்ணீர் விட்டார்கள். 1968-ஐ நான் தொடவில்லை.

எங்கள் ஊருக்கும் வெண்மணிக்கும் எட்டு மைல். அந்த வருடம் டிசம்பர் 25 ராத்திரி மிராசுதார்களின் ஆட்கள் ஒரே குடிசைக்குள் வைத்து தலித் கூலிக் குடும்பத்தார் 44 பேரைக் கொளுத்தினார்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூலி நெல் கூடக் கேட்டதில் வளர்ந்த பகை. தாத்தாவின் டயரியில் 25-ஆம் தேதி: "பனி. கறவை ஈன்றது, கிடேரி." 26: "ஆள் வரவில்லை." 27: "ஆள் வரவில்லை." 28: "கூலி பாக்கி 3 மரக்கால்." அவ்வளவுதான். அவருக்குத் தெரியாமல் இருந்திருக்க வாய்ப்பே இல்லை. அந்த வாரம் டெல்டா முழுக்க வேறு பேச்சு கிடையாது. என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு வெட்டாற்றில் தண்ணீர் காட்டிய மனுஷர் அவர். எனக்கு முள் குத்தினால் அவர் கண் கலங்கும். அந்தக் கைதான் இதையும் எழுதியது. மூன்று மரக்காலை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறது.

அந்த நாலு வரியை நீக்கிவிட்டு நான் எழுதியது தாத்தாவைப் பற்றியே அல்ல. என் சித்தப்பா அந்த ஒரு நோட்டை மட்டும் கொளுத்திவிடலாம் என்றார், குடும்பப் பேராம். அவருக்கும் எனக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. அவர் நெருப்புப் பெட்டியை எடுத்தார், நான் பேனாவை எடுத்தேன்.

கூலிக் கணக்கை எடுத்துவிடப் போகிறீர்களே, அம்மா, உங்கள் பக்கத்தில் அந்தப் பத்து வருடச் சண்டையே அதைப் பற்றித்தானே! எத்தனை மரக்கால், யாருக்கு, எந்த அறுப்பில் கூட்டினார், எந்த வருடம் வெளியூர் ஆளைக் கூட்டிவந்தார் என்பதை வேறு எங்கே போய்த் தேடுவது? பங்காளிச் சண்டையும் அப்படித்தான், இருக்கட்டும். புத்தகம் போடுவது உங்கள் விருப்பம். போடாவிட்டாலும் ஒன்றும் குடி முழுகாது.

நடுவில் இரண்டு வருடம் இல்லை என்கிறீர்கள். எந்த இரண்டு? 1968 இருந்தால் டிசம்பர் கடைசி வாரத்தை மட்டும் முதலில் செல்போனில் படம் எடுத்து அனுப்புங்கள்.