ஒன்பதா, நான்கா? – கடிதம்

அன்புள்ள சார்,

டெக்சஸ் மாநிலம் ஃபிரிஸ்கோவில் பத்து வருடங்களுக்கு மேலாக இருக்கிறேன். டாலஸ் கௌபாய்ஸ் அணியின் பயிற்சி வளாகம் இங்கேதான், என் வீட்டிலிருந்து பத்து நிமிடம். அமெரிக்கக் கால்பந்து பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதிய குறிப்பில், 2016-இல் குவாட்டர்பேக் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) டோனி ரோமோவின் இடத்தில் டாக் பிரெஸ்காட்டைத் தொடர்ந்து ஆடவைத்தது சரிதான் என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அது இன்னும் ஆறவில்லை.

ரோமோ மோசமாக ஆடி இடத்தை இழக்கவில்லை. முதுகெலும்பில் அடிபட்டு இழந்தார். ஆஸ்பத்திரிக்குப் போனவன் திரும்பி வந்து பார்த்தால் அவன் நாற்காலியில் இன்னொருவன் உட்கார்ந்திருக்கிறான். இதை நியாயம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பிரெஸ்காட் அப்போது 23 வயதுப் பையன், முதல் வருடம். அவர் முன்னால் நின்ற தடுப்பு வரிசை லீகிலேயே சிறந்தது. அந்த ஐந்து பேருக்குப் பின்னால் யார் நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பார்கள்.

எங்கள் வாட்ஸப் குழுவில் வருடா வருடம் ஏதாவது ஓர் அணியை வைத்து இதே சண்டை. புதுப் பையன் இரண்டு நல்ல பாஸ் போட்டால் போதும், மூத்தவரை உட்காரவை என்று கிளம்பிவிடுகிறார்கள். குவாட்டர்பேக் ஆரோன் ராட்ஜர்ஸ் மூன்று வருடம் பெஞ்சில் காத்திருக்கவில்லையா? இப்போதைய பையன்களுக்கு மட்டும் என்ன அவசரம்?

ரா.,
ஃபிரிஸ்கோ

அன்புள்ள ரா.,

அந்த ஒரு வரியை இன்றும் மாற்றப்போவதில்லை. ஆனால் 2016-இல் அதற்கு நான் வைத்திருந்த காரணம் தப்பு. அதை ஒப்புக்கொள்ளத்தான் இத்தனை நீளமான பதில்.

அந்த வருடம் செப்டம்பரிலிருந்து ஐந்து மாதம் வேலை நிமித்தம் உங்கள் பக்கத்து ஊரான இர்விங்கில் இருந்தேன். ஆட்டம் ஒன்றும் புரியாது. அலுவலகத்தில் எனக்கு எதிர் மேசைக்காரர் திங்கட்கிழமைதோறும் ரோமோவின் ஒன்பதாம் எண் சட்டையில் வருவார். அவர்தான் ஆசிரியர். கேண்டீன் மேசையில் ஐந்து சர்க்கரைப் பொட்டலங்களை வரிசையாக வைப்பார், அது லைன், நீங்கள் சொல்லும் தடுப்பு வரிசை. எதிரே நான்கைந்து கெட்சப் பொட்டலங்கள், அவை பாய்ந்து வரும் எதிரணி. சர்க்கரைக்குப் பின்னால் ஒரு பல்குச்சி. அதுதான் குவாட்டர்பேக். ஒரு விரலால் கெட்சப்பைத் தள்ளிக்கொண்டே "ஒன்று, இரண்டு, மூன்று" என்று எண்ணுவார். மூன்றுக்குள் பல்குச்சி பந்தை எறிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மேசையில் விழும். அந்த மூன்று நொடிக்குள் யார் எங்கே ஓடுகிறான், எதிரணி எதை மறைக்கிறது, எந்த இடத்தில் இன்னும் அரை நொடியில் காலி விழும் என்று பார்த்தாக வேண்டும். சட்டியில் கடுகு வெடிப்பதற்கும் அது கருகுவதற்கும் நடுவில் கிடைக்கும் நேரம்தான்.

இன்னொன்றும் சொன்னார். மற்ற இடங்களில் மூத்தவரையும் புதியவரையும் மாற்றி மாற்றி ஆடவைக்கலாம், இந்த இடத்தில் முடியாது. களத்தில் ஒரு குவாட்டர்பேக்தான். பயிற்சியிலும் முதல் அணியோடு ஆடும் வாய்ப்பு கிட்டத்தட்ட முழுக்க அவனுக்குத்தான். அதனால்தான் இந்தச் சண்டையில் சமரசமே கிடையாது. ஒருவன் உள்ளே என்றால் இன்னொருவன் வெளியே.

இனி உங்கள் வாதத்துக்கு வருகிறேன். லைன் நன்றாக இருந்தது உண்மை. டைரன் ஸ்மித், டிராவிஸ் ஃபிரெடரிக், சாக் மார்ட்டின், மூவருமே டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்துப் புதியவர்களை எடுக்கும் தேர்வில், முதல் சுற்றில் எடுக்கப்பட்டவர்கள். ஆனால் யார் நின்றாலும் ஜெயித்திருப்பார்கள் என்பதை மட்டும் ஏற்கமாட்டேன். அதற்கு முந்தைய வருடமே சாட்சி. 2015-இல் கிட்டத்தட்ட அதே லைன். ரோமோ தோள்பட்டை எலும்பு முறிந்து நான்கே ஆட்டம் ஆடினார், அதில் மூன்று வெற்றி. மீதிப் பன்னிரண்டில் பிராண்டன் வீடன், மேட் கேசல், கெலன் மூர் என்று மூன்று பேர் மாறி மாறி நின்றார்கள். கிடைத்த வெற்றி ஒன்று. பன்னிரண்டுக்கு ஒன்று! பந்தை வாங்கிக்கொண்டு ஓடும் எசேக்கியல் எலியட் 2016-இல்தான் வந்தார், அந்த வருடம் 1,631 கெஜம் ஓடி லீகிலேயே முதலிடம் பிடித்தார். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள். இருந்தாலும் பன்னிரண்டுக்கு ஒன்று என்பதை எலியட் ஒருவரைச் சொல்லி மூட முடியாது.

பிரெஸ்காட் அந்த இடத்துக்கு வந்த கதையும் விசித்திரம். அவரை யாரும் தேடி எடுக்கவில்லை. டாலஸ் முதலில் ஆசைப்பட்டது பேக்ஸ்டன் லிஞ்ச் மீது, டென்வர் முந்திக்கொண்டது. அப்புறம் கானர் குக், அவரை ஓக்லண்ட் கொண்டுபோனது. மிச்சம் கிடந்தவர்களில் நான்காம் சுற்றில், 135-ஆவது ஆளாக எடுத்ததுதான் மிசிசிப்பி ஸ்டேட் பையன். அவரும் முதலில் மூன்றாவது இடத்தில்தான் இருந்தார். ஆகஸ்ட் தொடக்கத்தில் பயிற்சி முகாமில் கெலன் மூருக்குக் கால் முறிந்தது, இவர் இரண்டாவது ஆனார். ஆகஸ்ட் 25 அன்று சியாட்டிலில் ஒரு பயிற்சி ஆட்டம், கணக்கில் சேராத ஆட்டம். ரோமோ பந்தோடு ஓடிக் கீழே சரியும்போது எதிரணியின் கிளிஃப் ஏவ்ரில் பின்னாலிருந்து விழுந்தார். முதுகெலும்பில் முறிவு. முதல் வாரம் பிரெஸ்காட்தான் இறங்கினார், நியூயார்க் ஜயன்ட்ஸிடம் 20-19 என்று தோற்றார். அதற்குப் பிறகு வரிசையாகப் பதினோரு வெற்றி. முதல் 176 பாஸ்களில் ஒன்றுகூட எதிரணி கைக்குப் போகவில்லை. ஆடத் தொடங்கியதிலிருந்து அப்படி டாம் பிரேடி 162 வரை போனதுதான் அதற்கு முன்பு சாதனை.

பிரேடியின் பெயர் சும்மா வரவில்லை. நியூ இங்கிலாந்து அணியின் குவாட்டர்பேக் ட்ரூ பிளெட்சோவை நினைத்துப் பாருங்கள். 1993-இல் டிராஃப்டின் முதல் ஆள். 2001 மார்ச்சில் பத்து வருடத்துக்குப் பத்து கோடி டாலரைத் தாண்டிய ஒப்பந்தம். அதே செப்டம்பரில் எதிரணியின் மோ லூயிஸ் மோதி மார்புக்குள் ரத்தக்குழாய் கிழிந்தது. அவர் இடத்தில் இறங்கியவர் 199-ஆவது ஆளாக எடுக்கப்பட்டிருந்த பிரேடி. நவம்பரில் பிளெட்சோ குணமாகி வந்தபோது பயிற்சியாளர் பெலிசிக் மாற்றவில்லை. கடைசியில் பிளெட்சோ டாலஸுக்கு வந்து சேர்ந்தார். 2006 அக்டோபரில், ஜயன்ட்ஸுக்கு எதிரான ஓர் ஆட்டத்தின் இடைவேளையில் அவரை மறுபடி உட்காரவைத்தார்கள். இந்த முறை இறங்கியவர், 2003 டிராஃப்டில் எந்த அணியும் எடுக்காத ஒருவர். முதல் பாஸே எதிரணி கையில் போய் விழுந்தது. மொத்தம் மூன்று அப்படிப் போனது, ஆட்டமும் போனது. ஆனாலும் அடுத்த வாரம் அவரையே ஆடவைத்தார்கள். அவர்தான் உங்கள் ரோமோ.

அதாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்தவரும் ஒரு காலத்தில் இன்னொருவர் எழுந்த சூட்டில் உட்கார்ந்தவர்தான். 2006-இல் டாலஸ் ரசிகர்கள் பிளெட்சோவுக்காக யாரும் கண்ணீர் விட்டதாகத் தெரியவில்லை.

பிளெட்சோ அன்று அடிபட்டுப் போகவில்லையே, மோசமாக ஆடித்தானே போனார் என்பீர்கள். சரி. 2001-இல் அடிபட்டுத்தான் போனார். பெலிசிக் அன்று செய்தது அநியாயம் என்று உங்கள் குழுவில் ஒருவராவது சொல்வார்களா? மாட்டார்கள், பிரேடி பிரேடியாகிவிட்டாரே! நாம் நியாயம் பேசுவதாக நினைத்துக்கொண்டு முடிவைப் பார்த்துவிட்டு நியாயத்தை அதற்கேற்ப வெட்டித் தைக்கிறோம்.

இப்போது என் தப்பு. அன்று நான் நான்காம் எண் கட்சி, அதாவது பிரெஸ்காட் கட்சி. "இந்தப் பையன் ரோமோவைவிடப் பெரிய ஆட்டக்காரன், அதனால்தான் வைத்திருக்கிறார்கள்" என்று எதிர் மேசைக்காரரிடம் அடித்துப் பேசினேன். பிற்பாடு பழைய ஆட்டங்களைத் தேடிப் பார்த்தபோதுதான் உறைத்தது. 2014-இல் ரோமோ ஆடியதைப் பாருங்கள். எறிதலின் தரத்தை அளக்கும் பாஸர் ரேட்டிங்கில் லீகிலேயே முதலிடம், 113.2. பத்துக்கு ஏழு பாஸ் போய்ச் சேர்ந்தது. கெட்சப் மூன்று பக்கமும் வந்துவிட்ட பிறகு ஒரு சுற்றுச் சுற்றி அவர் நழுவும் லாகவம் பிரெஸ்காட்டுக்கு அந்த வருடம் கிடையாது. 2016 நவம்பரில் இருவரும் முழு உடல்நலத்தோடு, அதே பயிற்சியோடு நின்றிருந்தால் ஓர் ஆட்டத்துக்கு நான் ரோமோவைத்தான் எடுப்பேன். ஆனால் அப்படி இருவரும் நிற்கவில்லை. ஒருவர் 36 வயது, இரண்டு வருடத்தில் தோள்பட்டை எலும்பும் முதுகெலும்பும் முறிந்தவர், இன்னொரு அடி விழுந்தால் என்ன ஆகும் என்று மருத்துவராலும் சொல்ல முடியாதவர். மற்றவர் எட்டு ஆட்டம் தொடர்ந்து ஜெயித்துக்கொண்டிருப்பவர். அணி சிறந்தவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஓடுகிற வண்டியின் மாட்டை நடுவழியில் அவிழ்க்கவில்லை, அவ்வளவுதான். சரி என்று நான் சொல்வதற்கு அர்த்தம் இதுதான். நியாயம் என்று சொல்லவில்லை.

இதை ரோமோ நம்மைவிட நன்றாகச் சொன்னார். நவம்பர் 15, உங்கள் ஃபிரிஸ்கோவில்தான். கையில் தாளோடு வந்து நின்று வாசித்தார், கேள்வி எதற்கும் நிற்காமல் போனார். வெளியே உட்கார்ந்து பார்ப்பது எவ்வளவு வலிக்கிறது என்பதை மறைக்கவில்லை. ஆனால் பிரெஸ்காட் அந்த இடத்தைச் சம்பாதித்துவிட்டார், எனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தாலும் அதுதான் உண்மை என்றார். மறுநாள் எதிர் மேசைக்காரர் ஒன்பதாம் எண்ணில்தான் வந்தார், திங்கட்கிழமைகூட இல்லை. அன்று சர்க்கரைப் பொட்டலத்தை எடுத்துக் காப்பியில்தான் போட்டார்.

உங்களுடைய அவசரக் கேள்விக்கு வருகிறேன். அவசரத்துக்குப் பாதிக் காரணம் பணம். 2010-இல் முதல் ஆளாக எடுக்கப்பட்ட சாம் பிராட்ஃபோர்ட், லீகில் ஒரு பந்து எறிவதற்கு முன்பே ஆறு வருடத்துக்கு 7.8 கோடி டாலர் ஒப்பந்தம் வாங்கினார். 2011-இல் புதியவர்களின் சம்பளத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த வருடத்தின் முதல் ஆள் கேம் நியூட்டனுக்கு நான்கு வருடத்துக்கு 2.2 கோடி. நான்காம் சுற்றுக்காரரான பிரெஸ்காட்டுக்கு முதல் வருட அடிப்படைச் சம்பளம் 4.5 லட்சம் டாலர். அதே வருடம் அணியின் சம்பள வரம்பில் ரோமோ எடுத்துக்கொண்டது இரண்டு கோடிக்கு மேல். மலிவான குவாட்டர்பேக் கிடைத்தால் மிச்சப் பணத்தில் மற்ற இடங்களை நிரப்பலாம். ஆனால் அந்த மலிவு நான்கைந்து வருடம்தான். அதில் மூன்றைப் பெஞ்சில் கழிக்க எந்த அணிக்கு மனசு வரும்?

ராட்ஜர்ஸைக் காட்டுகிறீர்கள். 2005-இல் வந்து மூன்று வருடம் பிரெட் ஃபாவ்ருக்குப் பின்னால் உட்கார்ந்தார், 2008-இல் ஆடத் தொடங்கினார், 2011 பிப்ரவரியில் லீகின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல் ஜெயித்தார். பேட்ரிக் மஹோம்ஸும் 2017 முழுக்க அலெக்ஸ் ஸ்மித்தின் பின்னால் இருந்து, கடைசி ஆட்டத்தில் மட்டும் தொடங்கி, அடுத்த வருடம் எதிரணியின் கோட்டைத் தாண்டிப் புள்ளி தரும் டச்டவுன் பாஸ் 50 எறிந்தார். காத்திருந்ததால்தான் வந்தது என்று சொல்லத் தோன்றும். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இருவருக்கும் பொதுவானது, அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் ஏற்கெனவே ஒழுங்காக நடந்துகொண்டிருந்த வீடு என்பது. எதிர்ப்பக்கம் டேவிட் கார். 2002-இல் புதிதாக முளைத்த ஹூஸ்டன் அணி. லைன் என்று சொல்ல ஒன்றும் இல்லை. முதல் வருடமே 76 முறை பந்தோடு சாய்த்தார்கள். அந்தப் பையனை அங்கே மூன்று வருடம் உட்காரவைத்திருந்தாலும் நான்காம் வருடம் சாய்த்திருப்பார்கள். பெஞ்சில் எத்தனை வருடம் என்பதைவிட முன்னால் எத்தனை சர்க்கரைப் பொட்டலம் என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

ஊருக்குத் திரும்புவதற்கு முன்பு நான் பார்த்த கடைசி ஆட்டங்களில் ஒன்று, 2017 ஜனவரி முதல் தேதி, ஃபிலடெல்ஃபியாவில். முடிவு எதையும் மாற்றாத ஆட்டம். பிரெஸ்காட்டை வெளியே எடுத்து ரோமோவை ஒரே ஒரு தொடருக்கு இறக்கினார்கள். நான்கு பாஸில் மூன்று சேர்ந்தது, கடைசியாக டெரன்ஸ் வில்லியம்ஸுக்கு மூன்று கெஜத்தில் டச்டவுன். அவர் வாழ்க்கையில் எறிந்த கடைசிப் பந்து அது. அந்த ஒரு தொடரைப் பார்த்தபோது, எதிர் மேசைக்காரர் மூன்று மாதமாக என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்குக் கொஞ்சம் பிடிபட்டது.

கடைசியாக, உங்களிடம் எனக்கும் ஒரு கேள்வி. 2022-இல் முதல் ஆட்டத்திலேயே பிரெஸ்காட்டுக்குக் கட்டைவிரல் முறிந்தது. கூப்பர் ரஷ் இறங்கி வரிசையாக நான்கு ஆட்டம் ஜெயித்தார். ரஷ்ஷையே வைத்துக்கொள்ளலாம் என்று டாலஸ் ரசிகர்களில் ஒரு பகுதி அப்போது கிளம்பியது நினைவிருக்கும். அடிபட்டு வெளியே இருந்தவர் இந்த முறை நான்காம் எண்காரர். அந்த நான்கு வாரமும் உங்கள் வாட்ஸப் குழுவில் நீங்கள் எந்தப் பக்கம் பேசினீர்கள்? பழைய செய்திகளை அழித்திருக்கமாட்டீர்கள் என்று நம்புகிறேன். தேடிப் பார்த்து எழுதுங்கள்.